சறுக்குப் பலகைக்குள் பொங்கிய நுரை - ஒரு வரலாறு

கடல் அலை மேல் ஒருவர் பலகையில் நின்றபடி சறுக்கி வருவதை டி.வி.யிலோ ஹாலிவுட் படத்திலோ எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பலகை மரத்தால் ஆனது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெயரே பலகைதானே! ஆனால் 1950களின் கடைசியிலேயே அதற்குள்ளிருந்து மரம் வெளியேறிவிட்டது. நடுவில் நீளவாக்கில் ஓடும் ஒரு மெல்லிய சட்டம் மட்டும்தான் மிச்சம். மற்றதெல்லாம் நுரை. ஃபிரிட்ஜ் சுவருக்குள் வெளிர் மஞ்சளாக அடைத்திருக்குமே, அந்தப் பாலியூரித்தேன் குடும்பம்தான். அதன்மேல் ஃபைபர் கிளாஸ் துணியும் ரெசினும் சேர்ந்த ஓர் ஓடு. அவ்வளவுதான் சர்ஃப் போர்டு.

இரண்டு திரவங்களைக் கலந்து அச்சில் ஊற்றினால் பொங்கி நிறையும், ஆறியதும் எடுத்துக்கொள்ளலாம். கேட்க ரொம்பச் சுலபம். இந்தச் சுலபமான வேலையை ஒழுங்காகச் செய்யக் கற்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அதில் ஒருவர் தன் அச்சுகளை உடைத்துப் போட்ட அன்று ஒரு தொழிலே திகைத்து நின்றது. அந்தக் கதைதான் இது.

முதலில் மரக் காலம். ஹவாய் தீவுகளில் பழைய காலத்தில் கோவா, விலிவிலி போன்ற மரங்களில் பலகை செய்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ரெட்வுட் மரம். ஒரு பலகை 40 கிலோவுக்கு மேல்கூட இருக்கும். அலையில் ஏறுவதை விடுங்கள், கரையிலிருந்து தண்ணீருக்குத் தூக்கிப் போவதே ஒரு உடற்பயிற்சி. பிறகு ஈக்வடார் நாட்டிலிருந்து வந்த பால்சா மரம் எடையைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஃபைபர் கிளாஸும் ரெசினும் கிடைக்க ஆரம்பித்ததும், பால்சாவுக்கு மேல் அவற்றைப் பூசி நீர் புகாத பலகை செய்தார்கள்.

பிரச்சினை பால்சாவின் தரத்தில் இருந்தது. ஒரே லோடில் வரும் கட்டைகளில் ஒன்று பஞ்சு மாதிரி இருக்கும், அடுத்தது அதைவிட இரண்டு மடங்கு கனக்கும். பொறுக்கி எடுத்து, ஒட்டி, இழைத்து, ஒரு பலகை முடிப்பதற்குள் பாதி மரம் தூளாகப் போய்விடும். நல்ல கட்டை எப்போது வரும் என்பது கப்பலின் கையில். தொழில் பெரிதாக வேண்டுமானால் மூலப்பொருள் ஒரே சீராகவும் கேட்டபோதும் கிடைக்க வேண்டும். பால்சாவில் இரண்டும் இல்லை.

நுரையை முதலில் முயன்றவர்களில் ஒருவர் பாப் சிம்மன்ஸ். 1940களின் இறுதியில் இவர் எடுத்தது பாலிஸ்டைரீன் நுரை, அதாவது நம் ஊர் தெர்மாகோல் வகை. அதில் ஒரு சிக்கல். அன்று கிடைத்த பாலியஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் என்ற கரைப்பான் உண்டு. அது தெர்மாகோலைத் தின்றுவிடும் (தெர்மாகோல் மேல் பெட்ரோல் சிந்தினால் என்ன ஆகும் என்று பார்த்தவர்களுக்குப் புரியும்). அதனால் சிம்மன்ஸ் நுரையை நடுவில் வைத்து, மேலும் கீழும் பிளைவுட், ஓரத்தில் பால்சா என்று சாண்ட்விச் போல் மூடி, அப்புறம்தான் ரெசின் பூசினார். பலகை லேசாக வந்தது, வேலை மட்டும் குறையவே இல்லை. 1954ல் சிம்மன்ஸ் அலைச்சறுக்கின்போதே இறந்துபோனார்.

ஆக, ரெசினைத் தாங்கும் நுரை வேண்டும். அது ஏற்கெனவே ஜெர்மனியில் பிறந்திருந்தது.

1937ல் லெவர்கூசன் நகரில், ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் ஓட்டோ பேயர் என்ற வேதியியலாளரின் குழு பாலியூரித்தேனைக் கண்டுபிடித்தது. (பேயர் கம்பெனியை ஆரம்பித்த குடும்பத்துக்கும் இவருக்கும் உறவில்லை, பெயர் மட்டும்தான் ஒன்று.) அமெரிக்காவில் டுபான்ட் நிறுவனம் நைலானைக் கண்டுபிடித்து காப்புரிமையால் வேலி கட்டியிருந்த சமயம் அது. வேறு வழியில் ஒரு இழை செய்ய முடியுமா என்பதும் ஜெர்மானியர்களின் தேடலில் ஒன்று. ஐசோசயனேட் என்ற வகைப் பொருளையும் பாலியால் என்ற வகைப் பொருளையும் சேர்த்தால் இரண்டும் கைகோத்து நீண்ட சங்கிலியாகின்றன. கொஞ்சம் ஈரம் கலந்துவிட்டால் மட்டும் பொருளுக்குள் குமிழ் குமிழாக வந்து கெடுத்தது. இது எமென்டால் சீஸ் மாதிரி ஓட்டை போட்ட சாமான் செய்யத்தான் லாயக்கு என்று பரிசோதித்தவர்கள் கிண்டலடித்ததாக ஒரு கதை சொல்வார்கள். அந்த ஓட்டைகளில்தான் பணம் இருக்கிறது என்று பிற்பாடு தெரிந்தது.

குமிழ் எப்படி வருகிறது? ஐசோசயனேட் தண்ணீரோடு சேர்ந்தால் கரியமில வாயு வெளியாகும். இட்லி மாவு புளித்துப் பொங்குவதும் இதே வாயுவால்தான். மாவுக்கு ஒரு ராத்திரி வேண்டும், இதற்குச் சில நிமிடங்கள் போதும். இன்னொரு வித்தியாசம், இட்லி வேகத் தனியாக அடுப்பு வேண்டும். இங்கே வினையே சூட்டைக் கிளப்பித் தன்னைத் தானே வேக வைத்துக்கொள்கிறது. வாயு பொங்குவதும் சுவர் இறுகுவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இறுகுவது முந்தினால் நுரை பாதியில் நின்றுவிடும். வாயு முந்தினால் உப்பி, உடைந்து, அமுங்கிவிடும். இந்த ஓட்டப்பந்தயத்தைச் சரிசமமாக ஓட வைப்பதுதான் மொத்தத் தொழில்நுட்பமும்.

இங்கே ஒரு சின்ன விலகல். ஹார்டுவேர் கடையில் கேனில் அடைத்து விற்கும் ஸ்பிரே ஃபோமை வாங்கி அச்சில் அடித்து உருவம் செய்யப் பார்ப்பவர்கள் உண்டு. அது வேலைக்கு ஆகாது. கேனில் இருப்பது ஒற்றைக் கலவை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்தை அடைக்க அருமையான சாமான். மூடிய அச்சுக்குள்ளோ தடிமனாகவோ போட்டால் வெளித்தோல் இறுகி, உள்ளே பிசுபிசுவென்று அப்படியே கிடக்கும். நாலு நாள் கழித்து மெல்ல உப்பி உருவத்தையே கோணலாக்கும். அச்சில் வார்ப்பதற்கு, கலந்தவுடன் தானாக வினைபுரியும் இரண்டு பாகக் கலவைதான் சரி. இலேசான ரகத்தில் ஒரு லிட்டர் கலவை 25, 30 லிட்டர் வரை பொங்கும். சர்ஃப் போர்டு ஆட்கள் எடுத்ததும் இந்த இரண்டு பாகக் கலவைதான்.

கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா பக்கம் டேவ் ஸ்வீட் என்பவர் 1950களின் நடுவிலேயே பாலியூரித்தேனை அச்சில் வார்த்துப் பார்த்து, 1956வாக்கில் விற்கவும் தொடங்கினார். முதலில் விற்பனைக்கு வந்த பாலியூரித்தேன் பலகைகள் என்ற பெருமை பொதுவாக அவருக்குத்தான் தரப்படுகிறது. ஆனால் கதையின் போக்கை மாற்றியவர்கள் இன்னும் தெற்கே, டானா பாயின்ட்டில் இருந்தார்கள். 1954ல் அங்கே கடை திறந்த ஹோபி ஆல்டர், அவரிடம் ஃபைபர் கிளாஸ் பூசும் வேலைக்கு வந்த கோர்டன் கிளார்க். கிளார்க்குக்குப் பட்டப்பெயர் 'கிரப்பி', அழுக்கு மூட்டை என்று வைத்துக்கொள்ளலாம். வேலை செய்யும்போது உடம்பெல்லாம் ரெசினாகவே இருப்பாராம்.

பிசின் விற்கும் கம்பெனி ஆள் ஒருவர் காட்டிய மாதிரித் துண்டுதான் ஆல்டரை நுரையின் பக்கம் திருப்பியது என்பார்கள். 1957, 58ல் இருவரும் லகூனா பள்ளத்தாக்கில் ஒரு கொட்டகையில் போட்டியாளர்கள் கண்ணில் படாமல் ரகசியமாகச் சோதனைகள் நடத்தினார்கள். ஒரு கப்பில் அழகாகப் பொங்கும் கலவை, எட்டுப் பத்து அடி நீள அச்சில் அப்படிப் பொங்கவில்லை. ஒரு முனையில் ஊற்ற ஆரம்பித்து மறு முனைக்குப் போவதற்குள் முதலில் ஊற்றியது பொங்கத் தொடங்கிவிடும். எங்காவது காற்று சிக்கினால் அங்கே முஷ்டி அளவு குழி. முழுப் பலகையாக வார்க்க வராததால் முதலில் பாதி பாதியாக வார்த்து நடுவில் மரச் சட்டம் வைத்து ஒட்டினார்கள். அந்தக் காலத்து நுரைப் பலகைகள் பலவற்றில் குழிகளை அடைத்து, அது தெரியாமல் இருக்க அடர்த்தியான வண்ணம் பூசினார்கள். இன்று பழம்பொருள் சேகரிப்பவர்கள் அந்த வண்ணங்களை ரசிக்கிறார்கள். உண்மையில் அது ஒட்டுவேலையை மறைத்த பெயின்ட்!

இதில் தலைகீழாகத் தோன்றும் ஒரு விஷயம் உண்டு. அச்சு நிறைகிற அளவுக்கு மட்டும் கலவை ஊற்றினால் நல்ல பலகை வராது. உதாரணத்துக்கு, தானாகப் பொங்கி அச்சை நிரப்ப 4 கிலோ போதும் என்றால், அதைவிடக் கூடுதலாக ஊற்றி மூடியை இறுக்கிப் பூட்ட வேண்டும். இன்னும் பொங்க வழியில்லாத நுரை சுவரை நோக்கி அமுங்கும். குமிழ்கள் சிறிதாகின்றன, மூலை முடுக்கெல்லாம் நிறைகிறது, வெளிப்புறத்தில் கெட்டியான தோல் உண்டாகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அமுங்கும் நுரை அச்சைத் திருப்பித் தள்ளும். தகர அச்சோ மர அச்சோ பிளந்து வளைந்துவிடும். ஆகவே அச்சுகளைக் கான்கிரீட்டில் வார்த்து, இரும்பு வைத்து வலுவூட்டினார்கள். உள்ளே ஒட்டாமலிருக்கக் காகிதம் விரித்தார்கள். அச்சின் சூடும் முக்கியம். குளிர்ந்த சுவரில் படும் கலவை சரியாகப் பொங்காது.

அதாவது, நுரையை அடக்கி வைக்க அதைவிடப் பல நூறு மடங்கு கனமான அச்சு தேவைப்பட்டது. கலவையை ரசாயனக் கம்பெனியிடம் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். எவ்வளவு, எந்தச் சூட்டில், எத்தனை வினாடிக்குள், எந்த அச்சில் என்பதைக் கடையில் விற்க மாட்டார்கள். பின்னால் வந்த ஏகபோகத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

நேரமும் நன்றாக அமைந்தது. 1957ல் 'கிட்ஜெட்' நாவல், 1959ல் அதே பெயரில் படம். அமெரிக்க இளைஞர்கள் கடற்கரைக்குப் படையெடுத்தார்கள். பால்சாவை மட்டும் நம்பியிருந்தால் அந்தக் கிராக்கிக்குப் பலகை கொடுத்திருக்கவே முடியாது. நுரைப் பலகையைக் கேலி செய்துகொண்டிருந்த பால்சாக்காரர்களும் ஒவ்வொருவராக மாறினார்கள். ஓரிரு ஆண்டுகளிலேயே பால்சா ஓரங்கட்டப்பட்டது.

1961ல் இருவரும் பிரிந்தார்கள். சண்டையில்லை. ஆல்டர் பலகை விற்பதில் நின்றார், கிளார்க் நுரைக் கட்டைகளை மட்டும் செய்யும் 'கிளார்க் ஃபோம்' கம்பெனியை ஆரம்பித்தார். (ஆல்டர் பிறகு 1968ல் 'ஹோபி கேட்' என்ற இரட்டை உடல் பாய்மரப் படகை அறிமுகப்படுத்தி இன்னும் பெரிய புகழ் பெற்றார். அந்த 'கேட்' என்பது கேட்டமரான் என்பதன் சுருக்கம், அது நம் 'கட்டுமரம்'!)

இப்படி இழைக்காத நிலையில் விற்கப்படும் நுரைக் கட்டைக்கு 'பிளாங்க்' என்று பெயர். அதை வாங்குபவர் இழைத்து வடிவம் கொடுத்து, ஃபைபர் கிளாஸ் பூசி விற்பார். இதைத் தனித்தொழிலாக்கியதில்தான் கிளார்க்கின் சாமர்த்தியம். அச்சு, ரசாயனம், தீ அபாயம் எல்லாம் அவர் தலையில். இழைப்பவருக்கு ஒரு கொட்டகையும் கருவிகளும் இருந்தால் போதும். சின்னச் சின்ன கடைகள் நூற்றுக்கணக்கில் முளைத்ததற்கு இதுவே காரணம். 1967, 68ல் பலகைகள் திடீரென்று ஒன்பது பத்து அடியிலிருந்து ஏழடிப் பக்கம் குறைந்தபோது, பெரிய கம்பெனிகளின் கையிருப்பு தேங்கியது. பிளாங்க் வாங்கி இழைக்கும் சின்ன ஆள் மறுநாளே புது வடிவத்துக்கு மாறிக்கொண்டார். பெயர் பெற்ற இழைப்பாளர்களின் யோசனையைக் கேட்டு அச்சுகளை உருவாக்கி, முடிந்த பலகையின் வடிவத்துக்கு ரொம்ப நெருக்கமாக வரும் பிளாங்குகளையும் கிளார்க் தந்தார். நெருக்கமாக வருவதில் ஒரு அர்த்தம் இருக்கிறது: கெட்டியான தோல் மேலேதான். அதிகம் இழைத்தால் அதைத் தூளாக்கிவிட்டு மென்மையான உள்பகுதியில் பலகை செய்ய வேண்டிவரும்.

வாக்கர் ஃபோம் போன்ற போட்டியாளர்கள் இருந்தார்கள். ஆனால் 2005 வாக்கில் அமெரிக்காவில் விற்ற பிளாங்குகளில் சுமார் 90 சதவீதம், உலக அளவில் பாதிக்கு மேல், கிளார்க்குடையது என்று செய்திகள் கூறின. பாடப்புத்தகத்தில் ஏகபோகம் என்றதும் விலையை ஏற்றி வாங்குபவரைக் கசக்கும் முதலாளி என்று படிக்கிறோம். கிளார்க் நேர் எதிர். மலிவு, ஒரே தரம், கேட்ட நேரத்தில் டெலிவரி. அதனாலேயே யாரும் இரண்டாவது சப்ளையர் ஒருவரைத் தேடி வைக்கவில்லை.

2005 டிசம்பர் 5, திங்கட்கிழமை. கிளார்க் தன் வாடிக்கையாளர்களுக்கு ஏழு பக்க ஃபேக்ஸ் அனுப்பினார். கம்பெனியை உடனடியாக மூடுகிறேன் என்பது சாரம். முன்னறிவிப்பு கிடையாது, கம்பெனியை விற்கவும் இல்லை. அச்சுகளை உடைத்துப் போட்டார். உடைந்த கான்கிரீட் அச்சுகள் குவிந்து கிடக்கும் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. அந்த நாளுக்கு 'பிளாங்க் மன்டே' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஏன் மூடினார்? கடிதத்தில் பல காரணங்கள் இருந்தன. சுற்றுச்சூழல், தீயணைப்பு அதிகாரிகளின் நெருக்கடி, ஊழியர்கள் தரப்பில் வந்த இழப்பீட்டுக் கோரிக்கைகள். எந்திரங்களில் பலவும் அவரே வடிவமைத்தவை என்பதால் ஏதாவது ஆனால் பொறுப்பு நேராக அவர் மேலேயே விழும். சிறைக்குப் போக நேரலாம் என்றுகூட எழுதியிருந்தார். நாங்கள் மூடச் சொல்லவில்லையே என்றார்கள் அதிகாரிகள். ஆனால் டி.டி.ஐ. விஷயத்தில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு அவருக்கு முன்பே நோட்டீஸ் கொடுத்திருந்தது உண்மை.

இந்த டி.டி.ஐ. என்பது டாலுவீன் டை ஐசோசயனேட். கிளார்க்கின் நுரைக்கு அடிப்படைச் சரக்கு. இறுகிய நுரையில் பயமில்லை. திரவமாக இருக்கும்போது வரும் ஆவிதான் எமன். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பழகிவிட்டால், அப்புறம் மிகக் குறைந்த அளவே ஆஸ்துமாவைக் கிளப்பும். ஐசோசயனேட் என்ற பெயரை எங்கோ கேட்டமாதிரி இருக்கிறதா? 1984 டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற மீத்தைல் ஐசோசயனேட் இதே குடும்பம். அது இதைவிடப் பல மடங்கு வேகமாக ஆவியாகும், இரண்டையும் ஒன்றாக்கிப் பேசக்கூடாது. ஆனால் சட்டத்தில் ஒரு தொடர்பு உண்டு. போபாலின் அதிர்ச்சியில்தான் அமெரிக்கா 1986ல், அபாய ரசாயனம் வைத்திருப்பவர்கள் உள்ளூர் மக்களுக்கும் தீயணைப்புத் துறைக்கும் தகவல் தர வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. 1990ல் காற்றுத் தூய்மைச் சட்டத்தைத் திருத்தி, விபத்து நடந்தால் என்ன செய்வது என்ற திட்டத்தையும் கேட்டது. டி.டி.ஐ. அந்தப் பட்டியலில் இருக்கிறது. 1961ல் ஒரு கொட்டகைத் தொழிலாகத் தொடங்கிய ஒன்று, 2005ல் ரசாயனத் தொழிற்சாலைக்குரிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கிளார்க் பக்கம் நின்று அரசாங்கத்தைத் திட்டியவர்கள் நிறைய. அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளி பக்கம் நின்று பார்த்தால், கேட்ட கேள்விகள் ஒன்றும் அநியாயமானவை இல்லை.

மறுநாளே பதுக்கல் ஆரம்பம். கையில் பிளாங்க் வைத்திருந்தவர்கள் விலையை ஏற்றினார்கள். வேலையில்லாமல் நின்ற சின்னக் கொட்டகைகள் பல. அமெரிக்காவில் விலை போகாமல் இருந்த ஆஸ்திரேலிய நுரைக்கு, பென்னெட், பர்ஃபோர்டு போன்றவர்களுக்கு, ஒரே நாளில் மவுசு வந்தது. தாய்லாந்தின் கோப்ரா தொழிற்சாலையில் அச்சிலேயே முழுமையாக வார்க்கப்பட்ட பலகைகளை அதுவரை கைவினைஞர்கள் மட்டமாகப் பேசி வந்தார்கள், இப்போது கடைக்காரர்கள் அவற்றை வாங்கி அடுக்கினார்கள். பாப் சிம்மன்ஸ் கைவைத்த தெர்மாகோல் வகையும் திரும்பி வந்தது. இந்த முறை எபாக்ஸி ரெசினோடு, ஏனென்றால் எபாக்ஸி அதைக் கரைக்காது. அதற்கும் ஒரு குறை உண்டு. ஓடு விரிசல் விட்டால் மணி மணியாக ஒட்டியிருக்கும் அந்த நுரையின் இடுக்குகளில் தண்ணீர் ஏறிவிடும், காய வைப்பது பெரும்பாடு. சிலர் டி.டி.ஐ.யைவிடக் குறைவாக ஆவியாகும் எம்.டி.ஐ. சரக்கில் பிளாங்க் வார்த்துப் பார்த்தார்கள்.

அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அமெரிக்காவிலேயே புதிய நுரைக் கம்பெனிகள் எழுந்து தட்டுப்பாடு தீர்ந்தது. கிளார்க் ஆரெகன் மாநிலத்திலுள்ள தன் பெரிய பண்ணைக்குப் போய்விட்டார். இழைப்பவர்களுக்கு மட்டும் கொஞ்ச காலம் வேலை கூடிப்போனது. பல வருடம் ஒரே கம்பெனியின் நுரையில் பழகிய கைகள் அவை. எத்தனை முறை இழைத்தால் தோல் போகும், மென்மை எங்கே ஆரம்பிக்கும் என்பது பார்க்காமலே தெரியும். இப்போது வாரத்துக்கு ஒரு கம்பெனியின் பிளாங்க் வருகிறது. ஒவ்வொன்றிலும் தோலின் கனம் வேறு, குமிழின் அளவு வேறு. இழைப்பைக் கொஞ்சமாக ஓட்டுவது, விரலால் அழுத்திப் பார்ப்பது, மறுபடி ஓட்டுவது என்று முதல் நாள் வேலைக்கு வந்தவர்கள் மாதிரி ஆரம்பித்தார்கள்.